ரிப்பன் பிரபுவும் ஊர்ப் பணமும்

பொதுப்பணம் எவரிடமிருந்து திரட்டப்பட்டதோ அவரறியாமற் செலவாகுமாயின், அது நன்முறையிற் செலவாயினும் ஊரார் அதனைத் தமதென்று கருதார். இவ்வுண்மையை ஆட்சிமுறையாக்க முயன்ற பெரியோருள் ரிப்பன் பிரபு ஒருவர். சென்னை மாநகராட்சியின் மாளிகை 1913-இல் அவர் பெயர் தாங்கி எழுந்தமையின், அவர் பெயரை அறியாதார் சிலரே. அவர் செய்ததை அறிந்தாரும் சிலரே. ஆதலின் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் பயன்படுமாறு அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

ஜார்ஜ் பிரடரிக் சாமுவேல் ராபின்சன் என்பது இவர் இயற்பெயர். 1827-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24-ஆம் நாள், இலண்டனில் முதலமைச்சர் உறையும் மனையிலேயே பிறந்தார்; அஞ்ஞான்று முதலமைச்சராயிருந்தவர் இவர் தந்தையார். பள்ளியிலோ கல்லூரியிலோ சேராது இல்லத்திலேயே கல்வி பயின்றார். செல்வக்குடிப் பிறந்தும், இளமையிலேயே தொழிலாளர்பாற் பரிவுடையராய், எளியாரும் ஆட்சியிற் பங்குபெறல் வேண்டுமென்னும் கொள்கை பூண்டார். 1852-இல் பாராளுமன்ற உறுப்பினராகிப் பின் அமைச்சர் பதவிகள் பல வகித்தார். 1874-இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியபோது தம் நாட்டாருட் பலர் இகழ்ந்தும் மனந் தளர்ந்தாரல்லர்.

1880-இல் இந்தியாவிற்கு இராஜப் பிரதிநிதியாய் வந்தார். நாட்டுமொழிப் பத்திரிகைகளைக் கட்டியிருந்த சட்டத்தை 1882-இல் நீக்கினார். எனினும் அவர் புகழை நிலைநிறுத்தியது அவ்வாண்டு மே மாதம் 18-ஆம் நாள் வெளியான ஸ்தல சுய ஆட்சித் தீர்மானமேயாகும்.

நகரசபைகள் அதற்கு முன்னும் உண்டு. நம் திருச்சிராப்பள்ளியில் 1866-இலேயே நகரசபை ஏற்பட்டது. ஆயினும் நாடெங்கும் இத்தகைய சபைகளில் அதிகாரிகளின் கையே ஓங்கி நின்றது. சாலைக்கும் பள்ளிக்கும் மருத்துவசாலைக்கும் வரி கொடுப்பார் ஊரார். எதற்கு எவ்வளவென்று முடிவு செய்வார் அதிகாரிகள். ரிப்பன் பிரபு இதனை மாற்ற விழைந்தார். சபையின் எல்லை சிறிதாயிருத்தல் வேண்டும். அப்பொழுதே உறுப்பினர் இடமறிந்து பேசுவர். உறுப்பினருள் மூன்றில் இரு பங்கினர்க்குக் குறையாமல் அதிகாரிகளல்லாதார் இருத்தல் வேண்டும். இயன்றவிடத்துத் தேர்தலால் வருதல் வேண்டும். செலவிடுதற்குரிய வருவாயும் அவர் கையில் இருத்தல் வேண்டும். அரசாங்கம் உள்ளிருந்து நடத்தாது புறத்திருந்து கண்காணித்தல் வேண்டும். இவையே அத்தீர்மானத்தின் சாரம்.

மக்கள் பணத்தைப் பாழாக்குவரென்று அதிகாரிகள் பலர் தடை கூறினர். தொடக்கத்திற் பிழைகள் நேரக்கூடுமென்பதைப் பிரபுவும் மறுத்தாரில்லை. நீரில் இறங்காமல் நீந்தக் கற்றவர் உண்டோ? இத்தீர்மானத்தின் தலையாய நோக்கம் மக்கட்கு அரசியற் பயிற்சியளித்தலே என்பது அவர் துணிபு.

இதன் விளைவாகச் சென்னை மாகாணத்தில் 1884-இல் நகரசபைச் சட்டமும் ஸ்தல போர்டுச் சட்டமும் பிறந்தன. ஆனால் வித்திட்டவாறு பயிர் விளைந்திலது. வாக்குரிமை வரி செலுத்துவார் சிலர்க்கே கிட்டிற்று. ஜில்லா போர்டின் தலைமை நெடுங்காலம் கலெக்டரிடமே நின்றது. அவ்வாண்டு டிசம்பரிற் பிரபு விடைபெற்றபோது, இந்நாட்டினர் திரள்திரளாய்க் கூடி வழியனுப்பினர். 1909 ஜூலை 9-இல் அவர் காலமானார்.

அவர் விரும்பியதினும் மிகுதியான உரிமை இன்று நமக்கு உண்டு. 1992-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நிலைபேறளித்தன. 1994-இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியாயிற்று. நம் அரியமங்கலம் அதன் கோட்டங்களுள் ஒன்றாயிற்று. 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி வார்டுக் குழுவும் பகுதி சபையும் ஏற்பட்டன. தம் பகுதிக்கு முதலில் வேண்டுவது வடிகாலா, விளக்கா, குடிநீர்க் குழாயா என்று வாக்காளர் எவரும் ஆங்குச் சொல்லலாம்.

நகரத்துக் குப்பையெல்லாம் பல்லாண்டு நம் அரியமங்கலத்தில் 40 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற் குவிக்கப்பட்டது. அதன் புகையையும் நாற்றத்தையும் நுகர்ந்தவர் இங்குள்ளார். இடத்தின் துன்பம் அவ்விடத்தார்க்கே தெரியுமென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? அங்ஙனமிருந்தும் சபை கூடும் நாளில் நம்மவர் வீட்டிலிருப்பாராயின், வந்தவர் விரும்பியதே ஊரின் விருப்பமாக எழுதப்படும். பின்னர் முணுமுணுத்துப் பயனில்லை.

மற்றொன்றும் கூறுதும். பகுதி சபை ஊரார் அனைவர்க்கும் உரியது. நம் சங்கத்துக் கூட்டம் அன்று. நம்மவர் தெருவுக்கு மட்டும் நன்மை கேட்பது, அதிகாரி ஒருவர் தனித்து முடிவு செய்தலினும் தீதாம். எத்தெருவில் நீர் தேங்குகின்றதோ அத்தெருவுக்கே முதலில் வடிகால் கேட்டல் அறம். ஆடவரும் பெண்டிரும் ஆண்டுச் சென்று, கணக்குக் கேட்டு, எல்லார்க்கும் பொதுவாயதை நாடி உரைப்பாராக. ரிப்பன் பிரபுவிற்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.