டயருக்குள் காற்றை அடைத்த கால்நடை மருத்துவர்

காம்பாரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் ஒரு கார், தரையைத் தொடுவது நான்கு இடங்களில் மட்டுமே. ஒவ்வொரு டயரும் சாலையில் பதியும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வேகமெடுப்பது, வளைவது, நிற்பது எல்லாம் அந்தச் சிறிய பரப்பின் பிடிமானத்தை நம்பியே நடக்கின்றன. அந்தப் பிடிமானத்திற்கு வழி திறந்தவர் ஒரு பொறியாளர் அல்லர். ஒரு கால்நடை மருத்துவர். அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப்.

1840 பிப்ரவரி 5ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் என்ற ஊரில் டன்லப் பிறந்தார். கால்நடை மருத்துவம் கற்று, 1867இல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பெல்பாஸ்ட் நகரில் அவருடைய மருத்துவத் தொழில் செழித்தது.

அவருடைய சிறு மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. கற்கள் பதித்த சாலையில் அதன் கெட்டியான சக்கரங்கள் குலுங்கித் துள்ளின. 1887இல் டன்லப் மெல்லிய ரப்பர் தகட்டால் ஒரு குழாய் செய்து, அதை மரவட்டு ஒன்றின் விளிம்பில் பொருத்தினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதை நிரப்பினார். பிறகு அதையும் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியிலேயே சாய்ந்தது. காற்றடைத்த வட்டு முற்றத்தைக் கடந்து உருண்டு, மறுமுனையில் மோதித் திரும்பியது.

காரணம் எளிது. கெட்டிச் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளித் தரையை விட்டு எழும்புகிறது. காற்றடைத்த டயரோ மேட்டுக்கு ஏற்ப அமுங்கித் தரையோடு ஒட்டியே உருள்கிறது.

1888 டிசம்பரில் டன்லப்புக்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனால் உலகை நம்பவைத்தது பந்தயத்தடம்தான். 1889 மே 18இல் பெல்பாஸ்ட்டில் நடந்த சைக்கிள் போட்டிகளில் வில்லியம் ஹியூம் என்ற வீரர் இந்த டயர்களுடன் களமிறங்கி வெற்றிகளைக் குவித்தார். 1895இல் பிரான்சின் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்களைக் காரில் பூட்டிப் பாரிஸ் – போர்டோ பந்தயத்தில் ஓட்டினர்.

டன்லப்புக்கு ஒரு பேரிடி காத்திருந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் 1840களிலேயே இதே கருத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தது தெரியவந்தது. டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது. 1890களின் நடுவில் அவர் நிறுவனத்தை விட்டு விலகினார். அவர் பெயரால் நிறுவனம் பெருஞ்செல்வம் ஈட்டியது. அவருக்குக் கிடைத்ததோ சிறு பங்கு. 1921 அக்டோபர் 23ஆம் நாள் டப்ளினில் காலமானார்.

அவர் தொடங்கிவைத்த தேவை நம் மண்ணையும் மாற்றியது. 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. கார்கள் பெருகியதும் மலாயா எங்கும் தோட்டங்கள் விரிந்தன. டன்லப் நிறுவனமும் இங்கே தோட்டங்களை நடத்தியது. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் விடியுமுன் எழுந்து மரம் சீவி எடுத்த பால், உலகச் சாலைகளில் டயர்களாக உருண்டது.

இன்று செப்பாங் பந்தயத்தடத்தில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கும் டன்லப்பின் பாடம் பொருந்தும். மென்மையான ரப்பர் தாரின் நுண்ணிய பள்ளங்களில் பதிந்து நன்றாகப் பிடிக்கும். ஆனால் விரைவில் தேயும். டயரின் பக்கவாட்டில் தேய்மான எண் பொறித்திருப்பதைக் காணலாம். பொதுவாக, அந்த எண் குறையக் குறையப் பிடிமானம் கூடும், ஆயுள் குறையும். அன்றாட டயர்களில் 400 அளவிலும், தடத்துக்கான டயர்களில் 200 அல்லது அதற்குக் கீழும் இருக்கும். ஓடும்போது டயர் சூடேறி உள்ளே காற்றழுத்தம் உயரும். ஆகவே ஓட்டத்தின் இடையிலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். தடத்துக்கான டயர்களில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. நம் ஊர் அடைமழையில், நீர் தேங்கிய சாலையில் அவை வழுக்கும். எங்கே, எந்த வானிலையில் ஓட்டப்போகிறோம் என்பதே முதல் கேள்வி. விலையும் பெயரும் பிறகுதான்.

டன்லப்பும் அப்படித்தான் தொடங்கினார். சக்கரத்தை மாற்றும் முன், மகன் ஓட்டிய சாலையை அவர் கவனித்தார்.