பினாங்கில் பத்திரிகை நடத்திய நாகூர்ப் புலவர்

சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் முனையிலுள்ள நாகூர் தர்கா ஷரீபை அறியாத குடும்பம் நம் சங்கத்தில் இல்லை. நாகூரிலிருந்து இங்கே வந்தவை கொடியேற்றமும் கந்தூரியும்தான் என்று நம் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஊரின் பெரும் புலவர் ஒருவர் நம் பினாங்கில் தமிழ்ப் பத்திரிகை நடத்தியிருக்கிறார். மகாவித்துவான் குலாம் காதிறு நாவலர் அவர்களைப் பற்றி இந்தப் பொன்விழா மலரில் நாலு வார்த்தை எழுதாமல் விடுவது முறையாகாது என்று எங்களுக்குத் தோன்றியது.

நாவலர் அவர்கள் 1833இல் நாகூரில் பிறந்தார்கள். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் கற்றார்கள். உ.வே.சாமிநாத ஐயரும் அதே ஆசானின் மாணவர் என்று சொன்னால் அந்தப் படிப்பின் தரம் விளங்கும். இந்து ஆசிரியரிடம் ஒரு முஸ்லிம் மாணவர் இலக்கணம் பயின்றதை அக்காலத்தில் யாரும் அதிசயமாகப் பேசவில்லை. நாகூர்க் கலம்பகம், நாகூர்ப் புராணம், ஆரிபு நாயகம், திருமக்காத் திரிபந்தாதி என்று அவர்கள் பாடியவை பல. உண்மையைச் சொன்னால், பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கடைக்கு வந்து உட்கார்ந்த எங்களைப் போன்றவர்கள் அந்தச் செய்யுள்களை அகராதி இல்லாமல் நெருங்க முடியாது. எங்களை இழுத்தது அவர்களுடைய உரைநடை வேலை.

அந்த வேலையின் ஒரு பெரும் பகுதி பினாங்கில் நடந்தது. 1883இல் இங்கிருந்து ‘வித்தியா விசாரிணி’ என்ற பத்திரிகை வெளிவந்தது. நாவலர் அவர்கள் அதன் ஆசிரியர். கொழும்பில் சித்திலெவ்வை அவர்கள் ‘முஸ்லிம் நேசன்’ தொடங்கியது 1882இல். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு அவர்கள் ‘சிங்கை நேசன்’ தொடங்கியது 1887இல். இந்த இரண்டுக்கும் நடுவில் நம் ஊர் நிற்கிறது.

வியாபாரிகளாகிய நாம் இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அன்று கணினி இல்லை. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க வேண்டும். இருபத்தாறு எழுத்து உள்ள ஆங்கிலத்துக்குப் போதுகிற அச்சுப்பெட்டி தமிழுக்குப் போதாது. தாள், மை, ஆள் கூலி, தபால் எல்லாம் போக, சந்தாப் பணம் ஒழுங்காக வந்தால்தான் அடுத்த இதழ். கடன் வசூலிக்கும் பாடு நமக்குத் தெரியாததல்ல. அந்தத் தொழிலில் ஐம்பது வயதை எட்டிய ஒரு புலவர் கடல் கடந்து வந்து இறங்கினார் என்பதை நினைத்தால் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது. பின்னர் அந்தப் பத்திரிகை நாகூரிலிருந்து வெளிவரலாயிற்று.

கதை சொல்வதிலும் நாவலர் அவர்களுக்குக் கை இருந்தது. ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில நாவலாசிரியர் கிரிமியப் போரை வைத்து எழுதிய கதையை ‘உமறு பாஷா யுத்த சரித்திரம்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். உமறு பாஷா உதுமானியப் படைத்தலைவர். ஆஸ்திரியப் பேரரசின் எல்லையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, துருக்கிக்கு வந்து இஸ்லாத்தைத் தழுவியவர். தமிழில் நாவல் என்பதே 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வந்த பிறகு தெரியவந்த புதுச் சரக்கு. அந்தாதியும் கலம்பகமும் பாடிய புலவர் அதை ஒதுக்கித் தள்ளாமல் கையில் எடுத்தாரே, அதுதான் எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் நம் வீடுகளுக்கு நெருக்கமான நூல் 1902இல் வந்த ‘கன்ஜுல் கறாமாத்து’. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் வரலாற்றையும் கறாமத்துகளையும் உரைநடையில் சொல்வது. ஆண்டகை முடிதிருத்திக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் காக்கக் கையிலிருந்த கண்ணாடியை வீசினார்கள் என்றும், அது போய் ஓட்டையை அடைத்தது என்றும் நம் பாட்டிமார் சொல்வார்கள். தஞ்சை நாயக்க மன்னரின் நோய் தீர, அரண்மனைப் பரணில் ஊசி குத்திக் கிடந்த புறாவைக் கண்டுபிடித்த கதையும் உண்டு. கப்பலேறி வந்த நம் முன்னோர் இந்தக் கதைகளைக் காசுப் பையைப்போல் மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கறாமத்துகளை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் நம் ஜமாஅத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. அது இருக்கட்டும். கதையாகப் படிக்கும் சுகத்தில் வேறுபாடு வேண்டியதில்லை.

1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது நாவலர் அவர்களும் அதன் புலவர் வரிசையில் இடம்பெற்றார்கள். அச்சங்கத்தைப் போற்றிப் புலவராற்றுப்படை பாடினார்கள். 1908இல் காலமானார்கள். மகனார் ஆரிபு நாவலர் அவர்களும் தமிழ்ப் புலமையில் பெயர் பெற்றவர்.

இன்று நம் பிள்ளைகளுக்கு மலாய், ஆங்கிலம் வாசிக்கும் வேகம் தமிழில் வருவதில்லை. கடையிலும் வீட்டிலும் தமிழ் பேசுகிறார்கள். புத்தகத்தைக் கொடுத்தால் படித்துச் சொல்லுங்கள் வாப்பா என்கிறார்கள். பாட்டியும் போய், புத்தகமும் போனால் கதைக்கு வேறு வழியில்லை. ஆகையால் அங்கத்தினர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பழைய பேப்பர்’ என்று கூவிக்கொண்டு லாரி தெருவுக்குள் வரும்போது, பாட்டனார் பெட்டியிலுள்ள பழுத்த தாள்களை அப்படியே எடைக்குத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அட்டையில் ‘வித்தியா விசாரிணி’ என்றோ குலாம் காதிறு என்றோ ஓரெழுத்து தென்பட்டாலும் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.