தோலுக்குள் பார்த்த ஓவியர்

எம்.ரெட்டியபட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் சிப்பிப்பாறை நாய் முயலைத் துரத்தியதைக் கண்டோர் இன்றும் உளர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் அவ்வேட்டை குற்றமாயிற்று. ஆயினும் அந்நாயின் ஒட்டிய வயிறும் எண்ணிவிடத்தக்க விலா எலும்புகளும் கண்டவர் கண்ணைவிட்டு அகலவில்லை. வேட்டைநாயின் உடலை அவ்வாறு அறிந்த கண்ணுக்கு ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் அயலவர் அல்லர்.

1724இல் லிவர்பூலில் தோல்தொழில் செய்தவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஸ்டப்ஸ். பிறர் ஓவியத்தைப் பார்த்து வரையும் பயிற்சி அவருக்குக் கசந்தது. 1754இல் ரோம் சென்று திரும்பியபின், ஹார்க்ஸ்டோ என்னும் சிற்றூரின் பண்ணைவீட்டில் 18 மாதங்கள் தங்கினார். இறந்த குதிரைகளை இரும்புக் கொக்கிகளில் மாட்டி, நிற்பதுபோல் நிறுத்தி, தோல், தசை, எலும்பு என ஒவ்வோர் அடுக்காக அறுத்து வரைந்தார். ஒரே உடலோடு 11 வாரங்கள் உழைத்ததும் உண்டு. அந்த நாற்றத்தினூடே உடனிருந்து உதவியவர், வாழ்நாள் துணையான மேரி ஸ்பென்சர். படங்களைச் செதுக்கித்தர லண்டன் கலைஞர்கள் முன்வராமையால், செப்புத் தகடுகளில் தாமே செதுக்கினார். 1766இல் குதிரை உடற்கூற்று நூல் வெளிவந்தது.

ரூபன்சின் வேட்டைப் படங்களில் உடல்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு ஆரவாரிக்கும். ஸ்டப்ஸ் 1762இல் தீட்டிய குரோவ்னர் வேட்டை வேறு வகை. நீரில் மடக்கப்பட்ட கலைமான், சூழ்ந்த நாய்கள், குதிரைமேல் பிரபுக்கள். அங்கு நாய்க்கூட்டம் என்று ஒன்றில்லை. ஒவ்வொன்றும் தனி நாய்.

சென்னை ஆளுநராக 1763 வரை இருந்த ஜார்ஜ் பிகாட், இந்தியச் சிவிங்கிப்புலி ஒன்றை மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு வழங்கினார். 1764இல் வின்ட்சர் பூங்காவில் அதனை ஒரு கலைமான்மீது ஏவினர். மானோ ஓடவில்லை, கொம்பு தாழ்த்தி எதிர்த்தது. பின்வாங்கியது சிவிங்கி! பிகாட்டுக்காக ஸ்டப்ஸ் தீட்டிய படத்தில் அத்தோல்வி இல்லை. ஏவுதற்கு முந்தைய கணமே உள்ளது. வெள்ளுடையும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர் விலங்கின் சிவப்பு முகமூடியை விலக்கிப் பிடித்திருக்க, மற்றவர் மானைச் சுட்டுகிறார். சிவிங்கியின் தோள்தசைக்குக் காட்டிய கவனத்தை அவ்விருவர் முகத்துக்கும் ஓவியர் காட்டியுள்ளார். படத்தின் பெயரிலோ அவர்கள் வெறும் இரண்டு இந்தியர்; கடல்கடந்து போன பணியாளர்க்கு அவ்வளவே வாய்த்தது. மான்செஸ்டர் கலைக்கூடத்தில் அப்படம் உள்ளது. பிகாட் மீண்டும் சென்னைக்கு ஆளுநராக வந்து, தம் அவையினராலேயே சிறைவைக்கப்பட்டு 1777இல் மாண்டார்.

குதிரை வரைபவர் என்ற சிறுபெயர் ஸ்டப்ஸை விடவில்லை. வரலாறும் புராணமும் தீட்டுவோரே உயர்ந்தவர் என்பது அக்காலக் கணக்கு. 1781இல் அரசுக் கலைக்கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தபோது, விதிப்படி ஓர் ஓவியம் தர மறுத்தார், பதவி நிலைக்கவில்லை. எழுபதைக் கடந்தபின் மனிதன், புலி, கோழி மூன்றின் உடற்கூற்றையும் ஒப்பிட்டு வரையத் தொடங்கினார். 1806 சூலை 10இல் லண்டனில் அவர் மறைந்தபோது அப்பணி முற்றுப்பெறாமல் கிடந்தது.