டி. வி. சுந்தரம் அய்யங்கார்

டி. வி. சுந்தரம் அய்யங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தென்னிந்தியாவில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளமிட்ட முன்னோடிகளுள் ஒருவர். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு இவர் தொடங்கிய டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனமே பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்தது. இக்குழுமம் பிற்காலத்தில் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து இரு சக்கர வாகனங்களைத் தயாரித்தது. எனினும் சுந்தரம் அய்யங்காரின் வாழ்நாளில் அவருக்குப் புகழ் தேடித் தந்தவை அவருடைய பேருந்துகளே. குறித்த நேரத்தில் புறப்பட்டுக் குறித்த நேரத்தில் சென்றடைவன என்று அவை பெயர் பெற்றிருந்தன.

பிறப்பும் இளமையும்

சுந்தரம் அய்யங்கார் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த திருக்குறுங்குடி என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் வைணவர்களின் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றாகும். இவரது பெயரின் முதலெழுத்துகளில் 'டி' என்பது இவ்வூரின் பெயரைக் குறிக்கும்.

இவர் தொடக்கத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார். பின்னர் இரயில்வே துறையிலும், அதன்பின் வங்கி ஒன்றிலும் வேலை பார்த்தார். நிலையான வருவாய் தரும் அலுவலகப் பணியை விட்டுவிட்டுச் சொந்தத் தொழிலில் இறங்கியபோது இவருக்கு வயது முப்பதைக் கடந்திருந்தது. அக்காலத்தில் படித்த பிராமணக் குடும்பத்தினர் அரசுப் பணியையும் வழக்கறிஞர் தொழிலையுமே பெரிதும் நாடினர். வண்டி ஓட்டி வாடகை ஈட்டும் தொழில் அவர்களிடையே மதிப்புக்குரியதாகக் கருதப்படவில்லை.

பேருந்து சேவையின் தொடக்கம்

1911 ஆம் ஆண்டு டி. வி. சுந்தரம் அய்யங்கார் அண்டு சன்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. 1912 இல் மதுரையில் பேருந்து சேவை தொடங்கியது. தஞ்சாவூர் - புதுக்கோட்டை வழித்தடம் இவரது தொடக்ககால வழித்தடங்களுள் ஒன்றாகும். புதுக்கோட்டை அப்போது தனிச் சமஸ்தானமாக இருந்தது. திருச்சிராப்பள்ளியிலிருந்து அவ்வூருக்கு இருப்புப்பாதை வந்தது 1929 இல் தான்.

அந்நாளைய மோட்டார் வண்டிகள் இன்றைய பேருந்துகளைப் போன்றவை அல்ல. முன்புறத்தில் கைப்பிடியைச் சுற்றியே இயந்திரத்தை இயக்க வேண்டும். சாலைகள் மாட்டு வண்டிகளுக்காகப் போடப்பட்டவை. உதிரிப் பாகங்கள் கடல் கடந்து வரவேண்டியிருந்தன. வழியில் வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு வர வேறு மோட்டார் வண்டி இருக்காது. ஆகவே பேருந்து ஓட்ட முனைந்தவர் பட்டறையையும் உடன் நடத்தியாக வேண்டிய நிலை இருந்தது. சுந்தரம் அய்யங்காரின் தொழில் பின்னர் பல துறைகளாகக் கிளைத்ததற்கு இத்தேவையே அடிப்படையாக அமைந்தது.

சதர்ன் ரோடுவேஸ் என்னும் பெயரில் இவரது பேருந்துகளும் சரக்கு லாரிகளும் இயங்கின.

இருப்புப்பாதை இல்லாத ஊர்கள்

மோட்டார் பேருந்தின் வரவு தென்மாவட்டங்களில் எத்தகைய மாற்றத்தை உண்டாக்கியது என்பதற்கு மதுரைக்குத் தெற்கே உள்ள அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் நல்ல எடுத்துக்காட்டாகும். இது கண்மாய்களை நம்பிய வறண்ட நிலப்பகுதி. பருத்தி, மிளகாய், கம்பு, சோளம் ஆகியன இங்கு விளைகின்றன. அருப்புக்கோட்டை கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த பழைய சிவத்தலமும் இரமண மகரிசி பிறந்த ஊருமாகும்.

மதுரையிலிருந்து விருதுநகர் வழியாகத் தூத்துக்குடி செல்லும் இருப்புப்பாதை இவ்வட்டாரத்துக்கு மேற்கே சென்றது. மானாமதுரை வழியாக மண்டபம் செல்லும் பாதை வடகிழக்கே சென்றது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்கள் இரயிலைக் காணாமலே இருந்தன. விருதுநகர் - அருப்புக்கோட்டை இருப்புப்பாதை 1963 இலும், அதன் தொடர்ச்சியாகத் திருச்சுழி வழியாக மானாமதுரை வரையிலான பாதை 1964 இலும் தான் திறக்கப்பட்டன.

1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபோது இவ்வட்டாரம் அதனுள் அடங்கியது. ஆனால் அம்மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் நீண்ட காலம் மதுரையிலேயே இயங்கியது. எனவே நில வழக்கு, மருத்துவம், கல்லூரிப் படிப்பு, நூல் கொள்முதல் என எதற்கும் மக்கள் மதுரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாட்டு வண்டியில் ஓர் இரவுக்கு மேல் பிடிக்கும் பயணம் பேருந்தில் சில மணி நேரமாகச் சுருங்கியது. காலையில் புறப்பட்டு வேலையை முடித்துக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்புவது என்பது மோட்டார் பேருந்து வந்தபின்னரே இத்தகைய ஊர்களில் இயல்வதாயிற்று.

காலந்தவறாமை

ஒரே நாளில் போய்த் திரும்ப வேண்டுமாயின் பேருந்து சொன்ன நேரத்துக்கு வரவேண்டும். வாடகை வண்டிகள் ஆள் நிறைந்த பின்னரே புறப்படுவது அக்கால வழக்கம். சுந்தரம் அய்யங்கார் கால அட்டவணையை வகுத்து, இருக்கைகள் நிரம்பாவிட்டாலும் நேரத்துக்குப் புறப்படும் முறையைக் கடைப்பிடித்தார். இரயில்வேயில் பணியாற்றியவருக்கு இம்முறை புதிதன்று. அதைச் சாலைக்குக் கொண்டுவந்ததே இவரது சிறப்பாகும். டி.வி.எஸ். பேருந்து கடந்து செல்வதைப் பார்த்து மக்கள் தங்கள் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வர் என்னும் பேச்சு மதுரை வட்டாரத்தில் நெடுங்காலம் வழங்கி வந்தது.

காலந்தவறாமைக்குப் பெரும் இடையூறாக இருந்தவை சாலையில் சிதறிக் கிடந்த லாட ஆணிகள். வண்டி மாடுகளின் குளம்புகளிலிருந்தும் குதிரைகளின் குளம்புகளிலிருந்தும் கழன்று விழுந்த ஆணிகள் பேருந்துச் சக்கரங்களைப் பஞ்சராக்கின. பேருந்துகளுக்கு முன்னதாகக் காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் ஓட்டி, ஆணிகளைப் பொறுக்கியெடுக்கும் ஏற்பாட்டை நிறுவனம் செய்திருந்தது. பயணிகளிடம் இதற்கெனத் தனிக் கட்டணம் பெற வழியில்லை. ஆயினும் இச்செலவு நிறுவனத்தின் நற்பெயராகத் திரும்பி வந்தது.

வாகன விற்பனையும் பழுதுபார்ப்பும்

பேருந்துகளைப் பராமரிப்பதற்காக அமைந்த பட்டறைகளும் பண்டகசாலைகளும் காலப்போக்கில் தனித் தொழில்களாயின. சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் முதலிய நிறுவனங்கள் வாகன விற்பனையிலும் உதிரிப்பாக விற்பனையிலும் ஈடுபட்டன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன வாகனங்களின் பெரும் விநியோகஸ்தராகவும் இக்குழுமம் விளங்கியது.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் மும்பையில் வாகனங்களைப் பூட்டி விற்று வந்தது. விடுதலைக்குப் பின், உள்நாட்டிலேயே பாகங்களைத் தயாரிக்கும் திட்டம் உள்ள நிறுவனங்களுக்கே இடமளிப்பது என்று இந்திய அரசு முடிவு செய்தது. இதனால் 1950களின் நடுப்பகுதியில் அந்நிறுவனம் இந்தியாவில் தன் பணியை நிறுத்தியது. இம்மாற்றம் வாகன விற்பனையை நம்பியிருந்தவர்களுக்கு இழப்பாக இருந்தாலும், வாகனப் பாகங்களை இங்கேயே தயாரிக்கும் வாய்ப்பையும் திறந்துவிட்டது. அவ்வாய்ப்பைச் சுந்தரம் அய்யங்காரின் மகன்கள் பயன்படுத்திக்கொண்டனர்.

இரண்டாம் உலகப்போர்க் காலம்

இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கடும் பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. பேருந்துகள் ஓடாமல் நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. அப்போது சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்னும் கரிவாயுக் கலனை வடிவமைத்துத் தயாரித்தது.

உருளை வடிவக் கலனில் மரக்கரியைக் குறைந்த அளவு காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு உண்டாகும். இதனைக் குளிர்வித்து, தூசியை வடிகட்டி, பெட்ரோலுக்கு மாற்றாக இயந்திரத்துக்குள் செலுத்தலாம். இம்முறையில் இயந்திரத்தின் ஆற்றல் குறையும். மேடுகளில் வண்டி திணறும். புறப்படுவதற்கு முன் கரியைப் பற்றவைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்றூதிக் காத்திருக்கவும் வேண்டும். இக்குறைகள் இருந்தபோதிலும், கரி பஸ் என்று மக்கள் அழைத்த இவ்வண்டிகளே போர்க்காலத்தில் பல ஊர்களின் போக்குவரத்தைக் காத்தன.

1942 இல் ஜப்பான் மலாயாவையும் இந்தோனேசியத் தீவுகளையும் கைப்பற்றியதால் இரப்பர் வரத்தும் குறைந்தது. தேய்ந்த டயர்களுக்குப் புதிய மேற்பரப்பு இடும் தொழிலிலும் நிறுவனம் ஈடுபட்டது. பழைய டயரைத் தூக்கியெறியாமல் மீண்டும் ஓடச்செய்யும் இத்தொழில் போர் முடிந்த பின்னரும் தொடர்ந்தது.

குடும்பம்

சுந்தரம் அய்யங்காரின் மனைவி பெயர் இலட்சுமி. இவர்களுக்கு ஐந்து மகன்களும் மூன்று மகள்களும் பிறந்தனர். மகன்களுள் டி. எஸ். இராஜம், டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருஷ்ணா ஆகியோர் குழுமத்தின் வளர்ச்சியில் பெரும் பங்காற்றினர்.

மகள் சௌந்தரம் (1904 - 1984) பொதுவாழ்வில் புகழ்பெற்றவர். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் செய்விக்கப்பட்ட இவர், மருத்துவரான கணவரை இளமையிலேயே இழந்தார். கைம்பெண்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டும் என்று கருதிய சமூகத்தில், இவர் டெல்லி சென்று லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவரானார். அங்கு காந்தியவாதிகளின் தொடர்பு ஏற்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை 1940 இல் காந்தியடிகளின் முன்னிலையில் மறுமணம் செய்துகொண்டார். கைம்பெண் மறுமணமாகவும் சாதி கடந்த திருமணமாகவும் அமைந்த இது, ஆசாரமான வைணவக் குடும்பம் ஒன்றில் அந்நாளில் எளிதாக ஏற்கப்படக்கூடியதன்று.

1947 இல் சௌந்தரமும் அவர் கணவரும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். அதன் கல்விப் பிரிவு 1976 இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. சௌந்தரம் தமிழகச் சட்டமன்ற உறுப்பினராகவும், 1962 இல் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினராகவும், நடுவண் அரசின் துணை அமைச்சராகவும் பணியாற்றினார்.

மறைவு

முதுமையில் சுந்தரம் அய்யங்கார் தொழிற்பொறுப்புகளை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி வாழ்ந்தார். 1955 ஏப்ரல் 28 அன்று கொடைக்கானலில் உள்ள தமது இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

பேருந்துகள் அரசுடைமையாதல்

இலாபம் தரும் வழித்தடங்கள் தனியாரிடமும், வருவாய் குறைந்த சிற்றூர்கள் பேருந்தே இல்லாமலும் இருக்கின்றன என்ற குறை 1960களில் வலுத்தது. தமிழ்நாடு அரசு பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை அரசுடைமையாக்கியது. மதுரையில் டி.வி.எஸ். பேருந்துகளைக் கொண்டு 1972 இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் இயங்கத் தொடங்கியது. 1997 இல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்னும் பொதுப்பெயரின் கீழ் வந்தது. பேருந்து செல்லாத பல சிற்றூர்களுக்கு அரசுப் பேருந்துகள் சென்றன. அதேவேளை, சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழிலின் முதல் கிளை குழுமத்தின் கையை விட்டுச் சென்றது.

ஜப்பானிய நிறுவனங்களுடன் தொடர்பு

இதற்குள் குழுமம் வாகனப் பாகங்கள் தயாரிப்பில் காலூன்றிவிட்டது. சுந்தரம் பைனான்ஸ் (1954), வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாசனர்ஸ் முதலியன ஒன்றன்பின் ஒன்றாக நிறுவப்பட்டன. 1980 இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது.

1980களின் தொடக்கத்தில் சுசுகி நிறுவனத்துடன் உடன்படிக்கை ஏற்பட்டு, 1984 இல் 100 சிசி மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கு வந்தன. சுசுகியும் வாகனத்தில் தொடங்கிய நிறுவனமன்று. மிச்சியோ சுசுகி என்பவர் 1909 இல் ஜப்பானின் ஆமாமாட்சு நகரில் நெசவுத்தறிகள் செய்யும் பட்டறையாக அதனை நிறுவினார். அந்நிறுவனம் 1952 இல் மோட்டார் பொருத்திய மிதிவண்டியையும், சுந்தரம் அய்யங்கார் மறைந்த 1955 ஆம் ஆண்டில் தன் முதல் சிற்றுந்தையும் வெளியிட்டது. டி.வி.எஸ். - சுசுகி கூட்டு 2001 இல் முடிவுக்கு வந்தது.

தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானில் 1951 முதல் வழங்கப்படும் டெமிங் விருதை 1998 இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும், 2002 இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றன. போர்க்காலத்தில் ஜப்பானியப் படையெடுப்பால் இரப்பர் இன்றித் தவித்த நிறுவனத்தின் வழித்தோன்றல்களே, அரை நூற்றாண்டு கடந்து அந்நாட்டின் தர விருதைப் பெற்றனர். 2022 இல் குழும நிறுவனங்களின் உடைமை குடும்பக் கிளைகளிடையே பிரித்துக்கொள்ளப்பட்டது.

மதிப்பீடு

சுந்தரம் அய்யங்கார் புதிய இயந்திரம் எதனையும் கண்டுபிடித்தவர் அல்லர். பிறர் செய்த வண்டிகளை வாங்கி, நம் நாட்டுச் சாலைகளில் நம்பத்தகுந்த முறையில் ஓடச்செய்தவர். பழுதாகும் முன்பே பராமரித்தல், உதிரிப் பாகங்களை இருப்பில் வைத்திருத்தல், பயணியிடம் சொன்ன நேரத்தைக் காத்தல் ஆகிய நடைமுறைகளே இவரது முதலீடாக இருந்தன. மதுரையின் டி.வி.எஸ். நகர் இவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. இவரது பேருந்துகள் சாலையை விட்டு மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆயினும் டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்துகளுக்குரிய நற்பெயர் அப்பேருந்துகளிலிருந்தே தொடங்கியது.