ஸ்ட்ராவில் ஜூஸ் குடிப்பவரா நீங்கள்? அப்போ பாஸ்கலின் கதை உங்களுக்குத்தான்!

ஜூஸில் ஸ்ட்ராவைப் போட்டு ஓர் இழு இழுக்கிறீங்க. சர்ருனு மேலே வருது. அதை மேலே ஏத்தினது யாரு? நீங்கதான்னு நினைச்சா, அது பாதி உண்மைதான். ஸ்ட்ராவுக்குள் இருந்த காற்றைக் கொஞ்சம் எடுத்தது மட்டும்தான் உங்க வேலை. கிளாஸில் இருக்கும் ஜூஸை மேலிருந்து அழுத்தி, ஸ்ட்ராவுக்குள் தள்ளியது வெளியே இருக்கும் காற்று!

காற்றுக்கு இப்படி ஒரு பலம் இருக்குனு நிரூபிச்சுக் காட்டியவர் பிளேஸ் பாஸ்கல். ஆனால், அவரால் தண்ணியைக்கூட மடமடனு குடிக்க முடியாத ஒரு காலம் இருந்தது என்பதுதான் சோகம்.

கணக்குக்குத் தடா!

1623-ல் பிரான்ஸின் கிளேர்மோன் ஊரில் பிறந்தார் பாஸ்கல். மூணு வயசுலயே அம்மா தவறிட்டாங்க. அப்பா எத்தியேன் வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆனா, முதல்ல மொழிகளைப் படிக்கட்டும்னு கணக்குக்கு மட்டும் தடா. பையன் விடுவானா? தரையில் வட்டமும் முக்கோணமுமா வரைஞ்சு, தானாகவே ஜியோமெட்ரி போட ஆரம்பிச்சுட்டான். அப்பா மனசு மாறினார். வரிக் கணக்கு போட்டுப் போட்டே சோர்ந்துபோன அந்த அப்பாவுக்காக, 1642-ல் கூட்டல் போடும் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார் மகன்.

ஒரு குழாய்... ஒரு கேள்வி!

அந்தச் சமயத்தில் இத்தாலியரான டாரிசெல்லியின் சோதனை பரபரப்பாகப் பேசப்பட்டது. ஒரு பக்கம் மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, பாதரசக் கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தினால், கொஞ்சம் இறங்கி, சுமார் 76 செ.மீ உயரத்தில் நின்றுவிடும். அதைத் தாங்கிப் பிடிப்பது எது? இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காது, அதான் இறங்கலைனு பல அறிஞர்கள் சொன்னாங்க. காற்றின் எடைதான் காரணம் என்பது டாரிசெல்லியின் கருத்து.

பாஸ்கல் வேற மாதிரி யோசிச்சார். மலை உச்சிக்குப் போனா, தலைக்கு மேலே இருக்கும் காற்று குறையும். காற்றின் எடைதான் காரணம்னா, அங்கே பாதரசம் இன்னும் இறங்கணும். இயற்கைக்கு வெற்றிடம் பிடிக்காததுதான் காரணம்னா, அடிவாரத்துல பிடிக்காதது உச்சியில மட்டும் பிடிச்சுப்போகுமா என்ன?

மலை ஏறுவது யார்?

ஐடியா சூப்பர். ஆனா, ஏற முடியாதே! 1647-ல் பாஸ்கலுக்குக் கடுமையான உடல்நலக் குறைவு. ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியலை. வெதுவெதுப்பாக, சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால்தான் எதையும் விழுங்க முடியும். வயசு 24 தான்.

பாரிஸிலிருந்து அக்கா கணவர் புளோரின் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். கிளேர்மோன் பக்கத்தில்தான் பூய் டி டோம் மலை இருக்கு. பத்து மாசம் காத்திருப்பு. 1648 செப்டம்பர் 19 அன்று, ஊர்ப் பெரியவர்கள் சிலரோடு கிளம்பினார் பெரியே. ஒரு குழாயை அடிவார மடத்துத் தோட்டத்திலேயே வைத்து, நாள் முழுக்கக் கவனிக்க ஒரு துறவியை உட்கார வைத்தார். இன்னொன்று மலைக்குப் போனது.

உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ இறங்கியிருந்தது! சந்தேகம் வரக் கூடாதுனு உச்சியில் இடம் மாற்றி மாற்றி அளந்தார் பெரியே. அதே அளவுதான். கீழே வந்து பார்த்தால், துறவி காவல் காத்த குழாயில் எந்த மாற்றமும் இல்லை. கேஸ் க்ளோஸ்!

பைக் பிரேக்கிலும் பாஸ்கல்!

திரவங்களையும் அவர் விடலை. மூடிய பாத்திரத்தில் இருக்கும் திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே பரவும். ஒரு பக்கம் 1 சதுர செ.மீ, மறுபக்கம் 100 சதுர செ.மீ என்றால், இங்கே கொடுக்கும் விசை அங்கே 100 மடங்கு. பைக்கின் டிஸ்க் பிரேக், கார் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கி எல்லாம் இந்த டெக்னிக்தான்.

காலி வாளியைத் தண்ணிக்குள்ள அமுக்கினா, மேலே தள்ளுதே... ஏன்? ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமும் கூடும். மேலிருந்து வரும் அழுத்தத்தைவிட அடியிலிருந்து வருவது அதிகம். எவ்வளவு மிதப்பு விசை என்று ஆர்க்கிமிடிஸ் எப்பவோ சொல்லிட்டார். அது எங்கிருந்து வருதுனு அழுத்தத்தை வைத்து விளக்கினார் பாஸ்கல்.

1662 ஆகஸ்ட் 19-ல், 39 வயசுலயே விடைபெற்றார். திரவங்கள் பற்றிய அவரது நூல் அடுத்த ஆண்டுதான் அச்சில் வந்தது. 1971-ல் அழுத்தத்தின் அலகுக்கே பாஸ்கல் என்று பெயர் வைத்தார்கள். புயல் செய்தியில் வரும் ஹெக்டோபாஸ்கல் இவர் பெயர்தான்.

இப்போ போனைப் பிடிச்சிருக்கும் உங்க உள்ளங்கையைப் பாருங்க. ஒவ்வொரு சதுர செ.மீ மேலும் காற்று சுமார் ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துது. எல்லாப் பக்கமும் அதே அழுத்தம் இருப்பதால் உங்களுக்குத் தெரியலை. பல போன்களில் அதை அளக்கும் சென்சாரே இருக்கு. அடுத்த மலை டிரிப்பில் அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்க. பாஸ்கல் போக முடியாத அந்தப் பயணத்தை, நீங்க போயிட்டு வந்த மாதிரி இருக்கும்!