எளியோர் குரல்: சார்லஸ் பார்க்கர்

மன்னர்களின் வெற்றிகளைக் கல்வெட்டுகள் உரைக்கின்றன. புலவர்களின் பெருமையை ஏடுகள் காத்து வைத்திருக்கின்றன. ஆனால், நிலத்தின் அடியிலே கரி வெட்டியவனும், நள்ளிரவிலே கடலில் வலை வீசியவனும், புகைவண்டியின் உலையிலே கரி அள்ளிப் போட்டவனும் எதைப் பேசினார்கள், எவ்வாறு பேசினார்கள் என்பதை ஏடுகளில் காண்பது அரிது. அவர்கள் எழுதி வைக்கவில்லை. அவர்களைப் பற்றி எழுதிய அறிஞர்களும் தம் நடையில் எழுதினார்களேயன்றி, அவர்தம் வாய்மொழியை அப்படியே எழுதினார்களில்லை. அவ்வாய்மொழியைக் காற்றோடு போக விடாமல் பிடித்து வைத்து, நாடெங்கும் கேட்கச் செய்தவர்களுள் முன்னிற்பவர் சார்லஸ் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர்.

பார்க்கர் 1919ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள போர்ன்மத் நகரில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிக் கப்பல்களில் பணியாற்றி, வீரப் பதக்கமும் பெற்றார். நீர்மூழ்கிக் கப்பலில் கண்ணைக் காட்டிலும் காதுக்கே வேலை மிகுதி. ஆழ்கடலின் இருளில் எங்கோ எழும் சிற்றொலியைக் கொண்டு பகைவரின் கப்பலை உணர வேண்டும். காதை நம்பி வாழ்ந்த அந்நாட்கள் அவருடைய பிற்காலத் தொழிலுக்கு ஒரு பயிற்சியாக அமைந்தனவோ என்று எண்ணத் தோன்றுகிறது. போர் முடிந்தபின் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். 1948இல் பி.பி.சி. வானொலி நிறுவனத்தில் அமர்ந்தார். 1954இல் பர்மிங்காம் நகர நிலையத்தில் நிகழ்ச்சி அமைப்பாளராகப் பொறுப்பேற்றார்.

அந்நாளைய வானொலியின் நிலையைச் சிறிது அறிந்தால்தான் பார்க்கர் செய்த புதுமை நமக்கு விளங்கும். 1930ஆம் ஆண்டுகளில் வெளியிடங்களுக்குச் சென்று ஒலிப்பதிவு செய்ய வேண்டுமாயின், பொறிகள் நிறைந்த பெரிய வண்டி ஒன்றை ஓட்டிச் செல்லவேண்டும். மான்செஸ்டர் நிலையத்தில் பணியாற்றிய ஆலிவ் ஷாப்லி என்னும் அம்மையார் அத்தகைய வண்டியோடு தெருத் தெருவாகச் சென்று தொழிலாளர் பேச்சைப் பதிவு செய்தார். அவரைப் போன்றார் மிகச் சிலரே. பின்னர், கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒலிநாடாப் பெட்டி வந்தது. கருவி மாறியும் வழக்கம் மாறவில்லை. தொழிலாளியின் பேச்சைப் பதிவு செய்வர். பின் அதை எழுத்தில் பெயர்ப்பர். எழுத்தாளர் ஒருவர் அதனைத் திருத்தி உரையாடலாக்குவர். இறுதியில் நடிகர்கள் அதைப் படிப்பர். உழைத்தவன் ஒருவன், அவன் உழைப்பைப் பற்றிப் பேசுபவன் மற்றொருவன்! இது முறையன்று என்று அப்போது பலருக்கும் தோன்றவில்லை. பார்க்கருக்கும் முதலில் தோன்றவில்லை என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஜான் ஆக்சன் என்பவர் ஸ்டாக்போர்ட் நகரைச் சேர்ந்த புகைவண்டி ஓட்டுநர். அன்று அவர் பக்ஸ்டன் என்னும் மலையூரிலிருந்து 33 பெட்டிகள் கொண்ட சரக்கு வண்டியை ஓட்டி வந்தார். மேட்டின் உச்சியை அணுகும் வேளையில், வண்டியை நிறுத்தும் தடைக்கு நீராவி கொண்டு செல்லும் குழாய் உடைந்தது. கொதிக்கும் நீராவி ஓட்டுநர் அறை முழுவதும் நிறைந்தது. கருவிகளை அணுகவே இயலவில்லை. எதிரிலோ செங்குத்தான இறக்கம். தம்மோடு இருந்த கரியள்ளும் இளைஞரைக் கீழே குதித்துப் பெட்டிகளின் கைத்தடைகளை இயன்றவரை இறுக்குமாறு ஆக்சன் பணித்தார். தாமும் குதித்துத் தப்பியிருக்கலாம், அவர் குதிக்கவில்லை. வெந்த உடம்போடு அறையின் வெளிப்புறத்தில் தொற்றிக்கொண்டு, வழியில் உள்ளார்க்கு எச்சரிக்கை தரும் நோக்கத்தோடு வண்டியிலேயே நின்றார். கட்டுக்கடங்காமல் விரைந்த அவ்வண்டி, சேப்பல்-என்-லெ-பிரித் நிலையத்தருகே முன்சென்ற மற்றொரு சரக்கு வண்டியின்மீது மோதியது. ஆக்சனும், அவ்வண்டியின் காவலர் ஜான் கிரீமரும் உயிர் நீத்தனர். ஆக்சனுக்கு அவ்வாண்டே ஜார்ஜ் சிலுவை என்னும் உயரிய விருது வழங்கப் பெற்றது.

இச்செய்தி பார்க்கரின் நெஞ்சைத் தொட்டது. இதனை இசையும் கதையும் கலந்த நிகழ்ச்சியாக அமைக்க விரும்பி, ஈவன் மக்கால் என்னும் பாடலாசிரியரை நாடினார். மக்கால் சால்போர்டு நகரத்து இரும்பு வார்ப்புத் தொழிலாளி ஒருவரின் மகன். பொதுவுடைமைக் கொள்கையில் பற்றுடையவர். பார்க்கரோ பழமை போற்றும் மனப்பான்மையும் சமயப் பற்றும் மிக்கவர். எண்ணத்தால் வேறுபட்ட இவ்விருவரும் ஒலிநாடாப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஸ்டாக்போர்ட்டுக்குச் சென்றனர். ஆக்சனோடு பணியாற்றிய ஓட்டுநர்கள், கரியள்ளுவோர் ஆகியோரைச் சந்தித்தனர். ஆக்சனின் மனைவியாரும் தம் கணவரைப் பற்றிப் பேசினார். திரும்பும்போது 40 மணி நேரத்திற்கு மேற்பட்ட பேச்சு அவர்களிடம் சேர்ந்திருந்தது.

பதிவு செய்தவற்றை மக்கால் மீண்டும் மீண்டும் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. நண்பனை இழந்தவன் பேச்சின் நடுவே நிறுத்தும் இடத்தை எந்த நடிகனாலும் நடித்துக் காட்ட இயலாது. பல்லாண்டுகள் நீராவியோடும் இரும்போடும் வாழ்ந்தவன் தன் எந்திரத்தைப் பற்றிச் சொல்லும்போது குரலில் எழும் பெருமிதத்தை எழுத்தாளன் எழுதிவிட முடியாது. ஆகவே, நடிகரே வேண்டா. தொழிலாளர் குரலே நிகழ்ச்சியாகட்டும். பாடல்கள் அக்குரல்களிலிருந்தே பிறக்கட்டும் என்று அவர் கருதினார். வானொலி மரபுக்கு மாறான இக்கருத்தைப் பார்க்கர் ஏற்றார். ஏற்றதோடு அமையாமல், அதன் சுமையைத் தம் தோள்மேல் தாங்கினார். மேலதிகாரிகளுக்கு விடை கூற வேண்டியவர் அவரேயன்றோ?

அச்சுமை எத்தகையது? ஒலிநாடா நொடிக்கு ஏழரை அங்குலம் ஓடுவதாகக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 40 மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 17 மைல் நீளமான நாடாவாகும்! அதனுள்ளிருந்து ஒரு மணி நேர நிகழ்ச்சிக்கு உரியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்நாளில் கணிப்பொறியில் விரல் நுனியால் செய்யும் வேலையை அந்நாளில் சவர அலகால் செய்தனர். வேண்டிய சொல் தொடங்கும் இடத்தைக் காதால் கேட்டு, நாடாவில் குறியிட்டு, அலகால் வெட்டி, மற்றொரு துண்டோடு ஒட்டுவர். மூச்சு வாங்கும் ஒலியைத் தவறாக வெட்டிவிட்டால் பேசுபவன் பொம்மையாகிவிடுவான். பார்க்கர் இரவும் பகலும் இப்பணியில் தோய்ந்து கிடந்தார். பெகி சீகர் என்னும் அமெரிக்க இசையறிஞர் பாடல்களுக்கு இசையமைத்து இசைக்குழுவை நடத்தினார். தொழிலாளர் பேச்சின் ஏற்ற இறக்கமே பாட்டின் ஓட்டத்திற்கு வழிகாட்டிற்று. கதை கூறுவோன் என்று தனியே ஒருவனும் இல்லை.

ஜான் ஆக்சனைப் பற்றிய அந்நிகழ்ச்சி 1958ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் ஒலிபரப்பாயிற்று. அறிஞர் பலர் வியந்து பாராட்டினர். ‘வானொலிக் கதைப்பாடல்’ என்னும் புதிய வகை அன்று தோன்றியது. 1958 முதல் 1964 வரை இவ்வகையில் எட்டு நிகழ்ச்சிகளை மூவரும் ஆக்கினர்.

எட்டும் ஒரே தரத்தன அல்ல. 1959இல் ஆக்கிய இரண்டாம் நிகழ்ச்சி, இலண்டனிலிருந்து வடக்கே அமைத்த புதிய நெடுஞ்சாலையைப் பற்றியது. அங்கே மண் சுமந்தவரோடு, திட்டம் வகுத்தவர், மேற்பார்த்தவர் எல்லாரையும் சேர்க்க வேண்டியதாயிற்று. மேசை முன் அமர்ந்து பணி செய்தோர் கற்ற மொழியில் தெளிவாகப் பேசினர். ஆயினும், மண்வெட்டி பிடித்தவர் பேச்சிலிருந்த உயிர் அவர்கள் பேச்சில் இல்லை. நிகழ்ச்சி தளர்ந்தது. யாருடைய குரலைத் தேடிச் செல்லவேண்டும் என்பதைப் பார்க்கர் இத்தோல்வியால்தான் நன்கு உணர்ந்தார் எனலாம்.

அடுத்த ஆண்டில் வந்தது மீனவர் நிகழ்ச்சி. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் ஸ்காட்லாந்தின் கரையிலும் ஹெர்ரிங் என்னும் மீனைப் பிடித்து வாழ்ந்த ஊர்கள் பல. நம் கடலின் மத்தி மீனைப் போன்று கூட்டங் கூட்டமாக வருவது அம்மீன். பாய்மரப் படகுகளின் காலம் முதல், நீராவிப் படகுகளின் காலம் கடந்து, மீன் வளம் குன்றிப் படகுகள் அருகிய காலம் வரை அம்மக்கள் கண்ட வாழ்வும் தாழ்வும் அந்நிகழ்ச்சியில் அடங்கின. வின்டர்ட்டன் என்னும் சிற்றூரில் சாம் லார்னர் என்ற முதிய மீனவர் இருந்தார். 1878இல் பிறந்த அவர் சிறுவயதிலேயே கடலுக்குச் சென்றவர். எண்பது வயது கடந்த அம்முதியவர் பேசினார்; பாடினார்; பழைய புயல்களை நேற்றுக் கண்டவைபோல் விரித்துரைத்தார். அவர் சொற்களே பாடல்களாயின. பேச்சை ஒலிக்கச் செய்து, அதனைக் கேட்டுக்கொண்டே கலைஞர்கள் பாடவும் இசைக்கவும் ஏற்பாடு செய்தமையால், குரலும் பாட்டும் ஒன்றோடொன்று இழைந்தன. 1960இல் இந்நிகழ்ச்சி இத்தாலியப் பரிசு என்னும் உலகப் புகழ்பெற்ற வானொலிப் பரிசைப் பெற்றது. வானொலி அறிஞர்கள் கூடிப் பாராட்டியது, பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லாத ஒரு கிழவரின் நாவன்மையை! பார்க்கர் அதனைத் தம் வெற்றியைக் காட்டிலும் அவர் வெற்றியாகவே கொண்டார் என நாம் கருதலாம்.

சுரங்கத் தொழிலாளரைப் பற்றி 1961இலும், இளம்பிள்ளை வாதத்தால் உடல் முடங்கிய ஐவரைப் பற்றி 1962இலும், பதின்பருவத்து இளைஞரையும் குத்துச்சண்டை வீரரையும் பற்றி 1963இலும் நிகழ்ச்சிகள் வந்தன. ஒவ்வொன்றும் பார்க்கரை மாற்றிற்று. கேள்வி கேட்டுவிட்டு வாய்மூடி இருக்கும் அரிய கலையை அவர் கற்றார். உழைப்போர் அறிவிலும் மொழியிலும் குறைந்தவர் என்ற எண்ணம் எவ்வளவு பொய்யானது என்பதைக் கண்டார். பழமை போற்றி வந்த அவர், உழைப்பாளர் பக்கம் நின்று வாதிடுபவரானார்.

இறுதி நிகழ்ச்சி 1964இல் வந்தது. ஊர் ஊராக வண்டிகளில் சென்று வாழும் ஜிப்சி மக்களைப் பற்றியது அது. எங்கே வண்டியை நிறுத்தினாலும் காவலர் வந்து விரட்டுவர். பிள்ளை பெறும் நிலையிலிருந்த பெண்ணுக்கும் இடம் கிடைப்பதில்லை. சாலை ஓரங்களில் அவர்களோடு அமர்ந்து அவர்தம் துயரங்களைப் பதிவு செய்த பார்க்கர், மறுபக்கத்தையும் கேட்கவேண்டும் என்று நகர மன்ற உறுப்பினர் ஒருவரை அணுகினார். திருத்த முடியாதவர்களை ஒழித்துவிட வேண்டும் என்னும் பொருள்பட அவர் பேசினார். பார்க்கர் திடுக்கிட்டு, அச்சொல் கொடியதாயிற்றே, அதை அவர் உண்மையாகவே கருதிச் சொல்கிறாரா என்று கேட்டார். ஏன் கூடாது என்று திருப்பிக் கேட்டார் உறுப்பினர். பார்க்கர் அதற்கு விளக்கமோ மறுப்போ சேர்க்கவில்லை. அவ்விடையோடு நிகழ்ச்சியை முடித்தார். கேட்டவர் பலர் அன்றிரவு உறங்கியிருக்க மாட்டார்கள்.

இத்தொடர் அவ்வளவில் நின்றது. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குப் பல மாத உழைப்பும் பெரும் பொருளும் செலவாகின்றன என்பது நிறுவனத்தின் குறை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. பார்க்கர் நேரத்தையும் நாடாவையும் கணக்குப் பார்த்துச் செலவிட்டவர் அல்லர். பின்னரும் அவர் பர்மிங்காமில் குடியேறியிருந்த மேற்கிந்தியத் தீவினர், ஆசிய நாட்டினர் ஆகியோரிடம் சென்று பதிவு செய்து வந்தார். ஆனால், 1972இன் இறுதியில் அவர் பணியிலிருந்து நீக்கப் பெற்றார். உலகப் பரிசு பெற்றுத் தந்தவர், ஐம்பத்து மூன்றாம் வயதில் நிலையத்தை விட்டு வெளியேறினார். நண்பர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை.

அவர் சோர்ந்து அமரவில்லை. பேனர் என்னும் நாடகக் குழுவைத் தோழர்களோடு உருவாக்கி, தொழிலாளர் மன்றங்களில் அவர்தம் சொற்களையே நாடகமாக்கினார். மாலை வகுப்புகள் நடத்தினார். ஒலிநாடாப் பெட்டி மட்டும் அவரை விட்டுப் பிரியவில்லை. 1980ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் மறைந்தார்.

அவர் மறைந்தபின், 2006இல் பி.பி.சி. நிறுவனமே அவர் முறையைப் பின்பற்றிப் புதிய வானொலிக் கதைப்பாடல்களை ஆக்கி ஒலிபரப்பிற்று. மாணவர் ஆக்கும் வானொலி நிகழ்ச்சிகளுக்கு அவர் பெயரால் ஒரு பரிசும் ஏற்பட்டது. அவர் சேர்த்த ஒலிநாடாக்கள் பர்மிங்காம் நகர நூலகத்தில் இருக்கின்றன. ஓட்டுநர், மீனவர், சுரங்கத் தொழிலாளர், சாலையோரத்து ஜிப்சிப் பெண்கள் ஆகியோரின் குரல்கள், நடுவே அவர்கள் விட்ட மூச்சும் சிரிப்பும் உட்பட, அங்கே காக்கப்பெற்று வருகின்றன.