ஊருக்கே தங்கத்தைக் காட்டியவர், கடைசியில் பென்ஷனில் வாழ்ந்தார்... யார் இந்த பேடி ஹன்னன்?

மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரிலிருந்து கிட்டத்தட்ட 600 கி.மீ. கிழக்கே வறண்ட நிலத்தின் நடுவில் இருக்கிறது கல்கூர்லி. உலகின் பெரிய தங்கச் சுரங்க ஊர்களில் ஒன்று. இதன் மெயின் ரோட்டுக்குப் பெயர் ஹன்னன் தெரு. ஆரம்பத்தில் இந்த ஊரையே ‘ஹன்னன்ஸ்’ என்றுதான் அழைத்தார்கள். யார் அவர்?

வறுமையிலிருந்து வந்தவர்

பேடி என்கிற பேட்ரிக் ஹன்னன் 1840-ல் அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே பெரும் பஞ்சம். 1862-ல் கப்பல் ஏறி மெல்போர்ன் வந்தவர், அடுத்த 30 வருஷம் தங்கம் தேடி ஊர் ஊராக அலைந்தார்.

1893 ஜூனில் என்ன நடந்தது?

ஹன்னனுடன் தாமஸ் ஃபிளானகன், டேனியல் ஷே என்ற இரண்டு அயர்லாந்துக்காரர்கள். வேறோர் இடத்துக்குப் போகும் வழியில், மவுண்ட் சார்லட் குன்றுக்குப் பக்கத்தில், தரையிலேயே தங்கம் கிடந்தது. ஹன்னன் குதிரையில் சுமார் 40 கி.மீ. தள்ளியிருந்த கூல்கார்டிக்குப் போய், ஜூன் 17 அன்று உரிமையைப் பதிவு செய்தார். மூன்றே நாளில் சுமார் 700 பேர் அங்கே குவிந்துவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 53.

அப்போ கோடீஸ்வரர் ஆகிட்டாரா?

அதான் இல்லை. இவர்கள் எடுத்தது மேல்மண்ணில் கையால் பொறுக்கக்கூடிய தங்கம். அது சீக்கிரம் தீர்ந்துவிடும். உண்மையான புதையல் சில கி.மீ. தெற்கே, பாறைக்குள் இருந்தது. இன்று ‘கோல்டன் மைல்’ எனப்படும் அந்த இடத்தைப் பிடித்தவர்கள், அடிலெய்டு முதலீட்டாளர்கள் அனுப்பிய புரூக்மேனும் பியர்ஸும். ஆழமாகக் குழி வெட்ட, பாறையை அரைக்க, இயந்திரம் வேண்டும். அதற்கு மூலதனம் வேண்டும். அது லண்டன் பங்குச்சந்தையிலிருந்து வந்தது. லாபமும் அந்தப் பக்கமே போனது.

ஹன்னன் எழுபது வயது வரை தேடிக்கொண்டேதான் இருந்தார். 1904-ல் அரசு அவருக்கு வருஷத்துக்கு 100 பவுண்டு பென்ஷன் கொடுத்தது. 1911-ல் அது 150 ஆனது. மெல்போர்னில் உறவுப் பெண்களோடு தங்கியிருந்து, 1925-ல் காலமானார்.

மறந்துபோன பெயர்கள்

1929-ல் ஹன்னனுக்குச் சிலை வைத்தார்கள். கையில் தண்ணீர்ப் பை. அதிலிருந்து குடிநீர் வரும். தண்ணீருக்கே தவித்த ஊருக்குப் பொருத்தமான சிலைதான்.

ஆனால் ஃபிளானகன் 1899-லும், ஷே 1908-லும் பெரிதாகப் பேசப்படாமலேயே இறந்துபோனார்கள். தங்கத்தை முதலில் பார்த்தது ஃபிளானகன்தான் என்று சொல்பவர்களும் உண்டு. பதிவேட்டில் ஏறியது ஹன்னன் பெயர், அதனால் தெருவுக்கும் அதே பெயர்.

அவர்களுக்கும் முன்னால் பல்லாயிரம் வருஷமாக அங்கே வாழ்ந்தவர்கள் பழங்குடி மக்கள். பாறைக் குழிகளில் தண்ணீர் எங்கே தேங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். கல்கூர்லி என்ற பெயரே, அங்கே விளையும் ஒரு காட்டுக் காய்க்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். ஊர்ப் பெயரில் அவர்கள் மொழி இருக்கிறது. தங்கத்தின் பங்கில்தான் அவர்கள் இல்லை.